மகன் எழுதும் ஸ்கிரிப்ட்டைக் குறைவாக எண்ண வேண்டாம்

அம்மா, வணக்கம்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த மகன் மார்த்தாண்டத்தில் ஒரு முந்திரி ஆபீசில் ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருக்கிறான், ஒரு லட்சம் கட்டி பெங்களூரில் ஏஐ கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம்மா. கடன் வாங்கிக் கட்டுகிற பணம் என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

அவன் செய்வது வெறும் ரிப்போர்ட் வேலை இல்லை. எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் கிடக்கும் சரக்குக் கணக்கைப் பைத்தான் மொழியில் ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், எழுதி ஓடிபிசி வழியாக எடுக்கிறான். புரோகிராம்கள் பலவகை டேட்டாபேஸ்களோடும் ஒரே முறையில் பேச மைக்ரோசாஃப்ட் 1992-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. இன்றும் ஏராளமான ஆபீஸ்களில் ஓடுகிறது. சர்வர் எங்கே, எந்த டிரைவர் (டேட்டாபேஸோடு இணைக்கும் மென்பொருள்), எந்த டேட்டாபேஸ் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பெயரில் பதிந்து வைத்துவிடலாம். டிஎஸ்என் (டேட்டா சோர்ஸ் நேம்) என்பது அந்தப் பெயர்தான். ஸ்கிரிப்ட் அதைச் சொன்னால் போதும். நாளைக்கே சர்வரை மாற்றினாலும் டிஎஸ்என்னைத் திருத்தினால் சரி, ஸ்கிரிப்ட்டைத் தொட வேண்டியதில்லை.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவில் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும்போது 'டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்' என்று நிற்கிறது, அதனால் மனம் விட்டுப்போயிருக்கிறான் என்றீர்கள். டிஎஸ்என்னை யூசர் டிஎஸ்என் ஆக வைத்திருக்கிறானா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது அவனுடைய லாகினுக்கு மட்டும்தான் தெரியும்; ஷெட்யூலர் வேறு அக்கவுண்டில் ஓடினால் கிடைக்காது. சிஸ்டம் டிஎஸ்என் ஆக வைக்க வேண்டும். அப்புறம், 64 பிட் விண்டோஸில் ஓடிபிசி செட்டிங் இரண்டு உண்டு, 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று. பைத்தான் எந்த பிட்டோ அந்தப் பக்கம்தான் பதிய வேண்டும். இதைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்தவன் இன்டர்வியூவில் தைரியமாகப் பேசுவான். புத்தகத்தில் டேட்டாவை எடுக்கும் செலக்ட் கட்டளை மட்டும் படித்து வருகிறவர்களிடம் இந்த அனுபவம் இருக்காது.

அடுத்த ஆறு மாதம் டேபிள்களை இணைக்கும் ஜாயின், வகைவாரியாகத் தொகுக்கும் குரூப் பை இரண்டிலும் கை நன்றாகப் பழகட்டும். குவெரிக்குள், அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளைக்குள், பெயரை நேராக ஒட்டாமல், கேள்விக்குறி போட்டு மதிப்பைத் தனியாக அனுப்பப் பழக வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் டி'குரூஸ் என்ற பெயர் சாதாரணம். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் அந்தக் குறி ஒன்றே ஒட்டிய குவெரியை உடைத்துவிடும். வெளியாள் வேண்டாத கட்டளையை நுழைக்கவும் அதே ஓட்டைதான் வழி. பாஸ்வேர்டை ஸ்கிரிப்ட்டில் எழுதி வைக்கக் கூடாது. ரிப்போர்ட்டுக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள லாகின் போதும், அதை ஆபீசில் கேட்டு வாங்கட்டும். லினக்ஸில் ஓடிபிசிக்கான யூனிக்ஸ்ஓடிபிசி மென்பொருளை வைத்து இதையே ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

ஆபீஸ் டேட்டாவை வெளியே காட்டவே கூடாது. தோவாளை பூச்சந்தை விலை மாதிரி ஒரு கற்பனை டேபிளை அவனே உருவாக்கி, அதன்மேல் ஸ்கிரிப்ட் எழுதி, புரோகிராம்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடட்டும். பிறகு டேட்டா அனலிஸ்ட், அப்ளிகேஷன் சப்போர்ட் வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். பெங்களூருக்கு முன்னால் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் தேடட்டும், உங்களுக்குப் பக்கம். கோர்ஸ் வேண்டுமா என்பதை முதல் இரண்டு மூன்று இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.