பயணத்துக்கு ஃபிலிம் கேமரா வாங்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் நீண்ட பயணம் போகிறேன். கைபேசியில் எடுத்து எடுத்து அலுத்துவிட்டது. பழைய ஃபிலிம் கேமரா ஒன்று வாங்க ஆசை. ‘நல்ல கண்டிஷன்’ என்று சொல்லி விற்கிறார்கள், நம்பலாமா? விமான நிலைய எக்ஸ்ரேயில் ஃபிலிம் கெட்டுவிடுமாமே?

பதில்: தாராளமாக வாங்குங்கள். ரோலுக்கு 36 படம்தான் என்றாகிவிட்டால் பார்வையே மாறிவிடும். வெயில் எதிர்ச் சுவரில் இறங்கும்வரை நின்று, ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு நகர்வதில் தனி நிறைவு உண்டு. உடனே பார்க்கத் திரை கிடையாது. அதனால் கண் மறுபடி தெருவுக்கே போகும்.

ஆனால் இன்றே வாங்குங்கள், கிளம்புகிற வாரத்தில் வேண்டாம். ‘நல்ல கண்டிஷன்’ என்பதற்குப் பல நேரம் ஷட்டர் (ஃபிலிமில் வெளிச்சம் விழத் திறந்து மூடும் திரை) சத்தம் கேட்கிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை. பின்கதவைத் திறந்து ஓரத்திலுள்ள கறுப்பு ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி விரலில் ஒட்டினால் வெளிச்சம் கசியும். அதை மாற்றியாக வேண்டும். ஷட்டரை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். திறந்தது பாதியில் நின்றாலோ, இழுத்து இழுத்து மூடினாலோ உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது. லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 போன்றவற்றில் பேட்டரி வெளிச்சம் அளக்க மட்டும்தான். அது தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். பயணத்துக்கு என் ஓட்டு இவற்றுக்கே. எல்லாமே தானியங்கியான சின்ன கேமராக்கள் கைக்கு அடக்கம்தான், ஆனால் சர்க்யூட் போனால் பெரும்பாலும் பழுதுபார்க்க வழியில்லை. எதை வாங்கினாலும் ஒரு ரோல் முழுக்க எடுத்து, டெவலப் செய்து பார்த்த பிறகே பெட்டியில் வையுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு அதற்குள் முடியாதபடி விற்பவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரே பயம் நியாயமானதுதான். செக்-இன் பெட்டியில் ஃபிலிமை வைக்கவே கூடாது. அங்கே கதிர் பலமானது. கைப்பைக்கான பழைய இயந்திரங்களில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் (ஐஎஸ்ஓ என்பது ஒளியை உணரும் திறனின் அளவு) ஓரிரு முறை போனால் பொதுவாகப் பெரிய பாதிப்பு இருக்காது. இப்போது பல இடங்களில் வந்திருக்கும் சிடி ஸ்கேனர்கள் (பையைப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுப்பவை) அப்படியல்ல, ஒரே முறையில் படம் மங்கிப்போகலாம். ரோல்களை டப்பாவிலிருந்து எடுத்து, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லா ஊரிலும் சம்மதிக்க மாட்டார்கள். அப்படி மறுத்தாலும் இழப்பு குறைய வேண்டுமென்றால், முடிந்தவரை போகிற ஊரிலேயே ஃபிலிம் வாங்கி, அங்கேயே டெவலப் செய்துவிடுங்கள். எடுத்து முடித்த ரோலுக்கு ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம், டெவலப் ஆகும்வரை அதுவும் கெடும்.

கேள்வி: காலாவதியான ஃபிலிம் மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: வீட்டில் விளையாடிப் பார்க்க வாங்கலாம். திரும்பப் போக முடியாத இடத்துக்கு வேண்டாம். தேதியைவிட, அது இத்தனை வருடம் குளிரில் இருந்ததா வெயிலில் கிடந்ததா என்பதுதான் முக்கியம். அதை நீங்கள் சரிபார்க்க முடியாது.

கேள்வி: பயணத்தில் எடுத்த ஒரு ரோலில் எதுவுமே விழவில்லை. லேப் என்னைக் குறை சொல்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பொருள். ஓரத்தில் ஃபிலிமின் பெயரும் எண்களும் தெளிவாகத் தெரிகின்றனவா? அவை தொழிற்சாலையிலேயே பதிந்து வருபவை, டெவலப் செய்தால்தான் தெரியும். அவை இருந்து படம் மட்டும் இல்லையென்றால், லேப் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஃபிலிம் பல்சக்கரத்தில் மாட்டாமல் இருந்திருக்கலாம், அல்லது ஷட்டர் திறக்காமல் போயிருக்கலாம். ஓர எழுத்துகளும் சேர்ந்து காணவில்லை என்றால் தவறு பெரும்பாலும் டெவலப் செய்த இடத்தில்தான். அதைக் காட்டி இழப்பீடு கேளுங்கள். அடுத்த முறை ரோல் போட்டதும் லீவரைத் தள்ளும்போது, இடதுபக்கச் சுற்றுக் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது.