கார்டு வாங்கும் முன் கேமராவைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, ஐந்து வருசமாகக் கல்யாணம், காதுகுத்து வீடியோ எடுத்து வருகிறேன். போன ஆவணியில் சோனி கேமரா வாங்கினேன். 4கே, 50 பிரேம், 10 பிட் 4:2:2-இல் எடுக்கிறேன். டைம்லைனில் வைத்தால் படம் விக்கி விக்கி ஓடுகிறது. கடைக்காரர் ஐ5 14400எஃப் ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டும் போட்டு ஒன்றரை லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமுங்களா? எடிட்டிங் ரூம் எங்கள் தறிக் குடோனை ஒட்டி இருக்கிறது.
– வாசகர், சோமனூர்

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லையே தம்பி?

அந்தக் கொட்டேஷனில் தப்பு ஒன்றும் இல்லை, கேம் விளையாடுகிற பையனுக்கு. உங்கள் ஃபைலுக்குத்தான் அது ஒத்துவராது. கேமரா ஒவ்வொரு பிரேமையும் முழுசாக எழுதுவதில்லை. ஒரு படத்தை முழுசாக எழுதிவிட்டு, அடுத்து வரும் பிரேம்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொண்டே போகும். மூன்றாம் முடிச்சு விழுகிற இடத்தில் கட் வைக்க நீங்கள் முன்னும் பின்னும் நகர்த்தும்போதெல்லாம், கம்ப்யூட்டர் முந்தைய முழுப் படத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வரவேண்டும். இதற்கென்றே சிப்புக்குள் டீகோடர் என்று தனியாக ஒரு பகுதி உண்டு. அதற்கு உங்கள் ஃபைல் வகை தெரிந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். தெரியாவிட்டால் சுமை மொத்தமும் ப்ராசஸர் தலையில்.

4:2:2 என்பது கேமரா நிறத்தை எழுதுகிற ஒரு முறை, வழக்கமான 4:2:0-ஐவிட நிற விவரம் இரண்டு மடங்கு. பட்டுச்சேலைக் கரைக்கு நல்லதுதான். ஆனால் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையின் டீகோடருக்கு 4:2:2 தெரியாது. 4070 என்ன, 4090 போட்டாலும் அதே கதைதான். இன்டெல் ப்ராசஸரில் கூடவே வருகிற கிராபிக்ஸ், 11-ஆம் தலைமுறையிலிருந்து ஹெச்.265 (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறைகளில் ஒன்று) 4:2:2-ஐப் படிக்கும். பெயருக்குப் பின்னால் ‘எஃப்’ இருந்தால் அந்தக் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். ஆக, உங்கள் கொட்டேஷனில் இருந்த ரெண்டு வாசலும் அடைபட்டுவிட்டன.

இன்னொன்று, இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். உங்கள் கேமரா மெனுவில் எக்ஸ்ஏவிசி எஸ், எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் என்று ரெண்டு இருக்கும். எஸ் என்பது ஹெச்.264, ஹெச்எஸ் என்பது ஹெச்.265. 12, 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸுக்கு ஹெச்.264-இல் வருகிற 10 பிட் 4:2:2 பிடிபடாது, ஹெச்.265-இல் வருவதுதான் பிடிபடும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு ரெண்டுமே தெரியும்.

சரி, நான் போட்டால் என்ன போடுவேன்? ‘எஃப்’ இல்லாத ஐ5 14600கே. 16 ஜிபி ராம் ரெண்டு (ஒரே குச்சியாக 32 வேண்டாம், ஜோடியாகப் போட்டால்தான் வேகம்). கார்டு 50 வரிசையில் சின்னதே போதும், 5060 என்றாலும் சரி. 13, 14-ஆம் தலைமுறையில் மெஷின் காரணமில்லாமல் விழுகிற பிரச்சினைக்கு 2024-இல் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. அதனால் பில் போடும்போதே பயாஸை (மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துத் தரச் சொல்லிவிடுங்கள்.

மிச்சப் பணத்தைக் கேபினெட்டிலும் யுபிஎஸ்ஸிலும் போடுங்கள். தறிக் குடோன் என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. பல்லடத்தில் என் முதல் எடிட்டிங் ரூமும் அப்படித்தான், சுவருக்கு அந்தப் பக்கம் தறி. ஒரு வைகாசியில் முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய எக்ஸ்போர்ட் (எடிட் முடித்ததை ஒரே வீடியோ ஃபைலாக எழுதுவது) மூன்று மணி நேரம் இழுத்தது. வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே மாற்றிப் போட்டேன். கடைசியில் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், ப்ராசஸர் மேலிருந்த ஃபேனுக்கும் அதற்கடியில் உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தேன், தோசை மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. காற்றுப் போகாமல் சூடேறினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு வைரஸ் எதற்கு?

கண்ணாடி முகப்பில் கலர் லைட் எரிகிற கேபினெட் வேண்டாம். முன்பக்கம் வலை வைத்து, கழற்றித் தட்டுகிற மாதிரி ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். வாரம் ஒரு தடவை ஃபில்டரைத் தட்டுங்கள். மாதம் ஒரு தடவை ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டி தரையில் வேண்டாம், மேசை மேல் இருக்கட்டும். யுபிஎஸ் வாங்கும்போது சைன் வேவ் (வீட்டுக் கரன்ட் மாதிரியே சீரான அலை) தருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். தறி மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் விழும், அதையும் அதுதான் தாங்க வேண்டும்.

கேள்வி: ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு ஹார்டு டிஸ்க் இடம் ஒதுக்குவது? எல்லாமே எஸ்எஸ்டியாக வாங்க வேண்டுமா?
– வாசகி, கோபி

பதில்: வேண்டாம்மா, கட்டுப்படியாகாது. கணக்கு லேசு. கேமரா 100 மெகாபிட் வேகத்தில் எழுதினால் எட்டால் வகுத்து நொடிக்கு 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி. 200 மெகாபிட் என்றால் 90 ஜிபி. நம்மூர்க் கல்யாணம் முதல் நாள் ராத்திரிச் சீரில் ஆரம்பித்து மறுநாள் பந்தி வரைக்கும் போகும். ரெண்டு கேமராவும் சேர்ந்து மொத்தம் எட்டு மணி நேரம் ஓடினால், 100 மெகாபிட்டில் 360 ஜிபி. ஓடுகிற வேலைக்கு 2 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) ஒன்று, முடித்ததைப் போட்டு வைக்கப் பழைய மாதிரிச் சுற்றுகிற டிஸ்க் போதும்.

ஆனால் அந்தச் சுற்றுகிற டிஸ்க் ரெண்டு வேண்டும். ஒன்று ரூமில், ஒன்று வீட்டில். நான் ஒன்றோடு நிறுத்தினேன். ஒரு நாள் டக் டக்கென்று சத்தம் வந்தது, அவ்வளவுதான், ஒரு கல்யாணத்தின் இணைச்சீர் மொத்தமும் போயிற்று. அண்ணனும் தங்கையும் சேர்ந்து நிற்கிற காட்சியை மறுபடி எங்கே போய் எடுப்பது? அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னபோது, அந்தப் பெண் காபியை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

கேள்வி: புது மெஷின் வாங்கப் பணமில்லை. ஏழு வருச ஐ5-ஐ வைத்து 4கே ஓட்ட வழி உண்டா?
– வாசகர், பவானி

பதில்: உண்டு. ப்ராக்ஸி போடுங்கள். எடுத்த ஃபைலுக்குச் சின்ன அளவில் ஒரு நகல் செய்து, அதை வைத்து வெட்டி ஒட்டுவது. எக்ஸ்போர்ட் பண்ணும்போது சாஃப்ட்வேரே அசல் ஃபைலை எடுத்துக்கொள்ளும். பிரீமியர், டாவின்சி என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. ராத்திரி படுக்கும்போது ஓடவிட்டால் விடியும்போது தயாராக இருக்கும், நடுவில் கரன்ட் போகாமல் இருந்தால்.