பிஸ்க் குச்சியைக் காப்பாற்றி என்ன பண்ணப் போகிறீர்கள்? குரோக்கே கேள்வி-பதில்

பினாங்கு, கோலாலம்பூர் நண்பர்கள் அனுப்பும் குரோக்கே சந்தேகங்கள் சுற்றிச்சுற்றி பிஸ்க்கிலேயே வந்து நிற்கின்றன. குரோக்கே என்பது மரச் சுத்தியலால் பந்தை அடித்து வளையங்களுக்குள் ஓட்டும் ஆட்டம். ஹேண்டிகேப் என்பது ஆடுபவரின் திறமைக்கான எண், எண் கூடினால் ஆட்டம் பலவீனம். இரண்டு பேர் எண்ணுக்கும் வித்தியாசம் எத்தனையோ, அத்தனை பிஸ்க் பலவீனமானவருக்கு. ஒரு பிஸ்க் என்பது ஒரு கூடுதல் டர்ன், அதாவது ஆடும் முறை. அதற்கு அடையாளமாக நிற்கும் குச்சியை, எடுக்கும்போது பிடுங்கிவிடுவார்கள். அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

அண்ணே, எனக்கு ஹேண்டிகேப் 16, எதிரே ஆடியவருக்கு 6. பத்து பிஸ்க் இருந்தும் தோற்றேன். ஆட்டம் முடிந்தபோது நாலு குச்சி அப்படியே நின்றது. எங்கே தப்பு? (பிறை வாசகர்)

அந்த நாலு குச்சியில்தான் தம்பி. மீதி ஆறும் வளையத்தில் தவறும்போதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கியதாகத்தான் இருக்கும். இரண்டு பந்துக்கும் சேர்த்து 24 வளையம், அப்புறம் ஒவ்வொரு பந்தும் கடைசியில் தொட வேண்டிய பெக் என்ற நடுக்கம்பம், மொத்தம் 26 புள்ளி. வளையத்துக்கு ஒன்று என்று செலவழித்தால் பத்து பிஸ்க் எந்த மூலைக்கு? நாலு பந்தும் திடலில் இறங்கியதுமே இரண்டு மூன்றை எடுத்து ஒரு பிரேக் கட்டுங்கள், அதாவது ஒரே டர்னில் வளையம் வளையமாகத் தொடர்ந்து போகும் ஓட்டம். ஒரே பிரேக்கில் ஆறேழு வளையம் போய்விட்டால் செலவழித்ததெல்லாம் திரும்பி வந்துவிடும்.

கட்டுங்கள் என்கிறீர்கள், எப்படி என்று ஒரு தடவை அடி அடியாகச் சொல்லுங்களேன் ஐயா. (ஜெலுத்தோங் வாசகி)

சொல்கிறேன் அம்மா. உங்கள் பந்து நீலம், முதல் வளையம் போக வேண்டும், மஞ்சள் அந்த வளையத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது என்று வையுங்கள். நீலத்தால் சிவப்பை ரோக்கே செய்து, அதாவது மோதி, பிறகு நீலத்தைச் சிவப்போடு ஒட்டி வைத்து அடிக்கும் குரோக்கே அடியில் சிவப்பை இரண்டாம் வளையத்துக்கு அனுப்புங்கள். இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கிறது அல்லவா, இங்கேதான் எல்லோரும் தூரத்தில் கிடக்கும் பந்தைக் குறிபார்த்து அடித்துத் தவறவிடுகிறார்கள். வேண்டாம். பிஸ்க் எடுக்கப் போகிறோம் என்பது உங்களுக்கு முன்பே தெரியும், ஆகவே நீலத்தைக் கறுப்புக்கு ஒரு சாண் தள்ளி மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்துங்கள். டர்ன் முடிந்தது, குச்சியைப் பிடுங்குங்கள். புது டர்ன் என்பதால் மூன்று பந்தையும் மறுபடி தொடலாம். ஒரு சாண் தூரத்தில் கறுப்பு தவறாது. அதைத் திடல் நடுவில் விட்டுவிட்டு மஞ்சளிடம் போய், அதை ரோக்கே செய்து, குரோக்கே அடியில் வளையத்துக்கு நேர் எதிரே வந்து நின்று, உள்ளே போங்கள். இப்போது பாருங்கள், அடுத்த வளையத்தில் சிவப்பு காத்திருக்கிறது, நடுவில் கறுப்பு, பக்கத்தில் மஞ்சள். அந்த மஞ்சளை மூன்றாம் வளையத்துக்கு அனுப்பிவிட்டுக் கறுப்பு வழியாகச் சிவப்பிடம் போனால் பிரேக் ஓடத் தொடங்கிவிடும்.

எல்லாம் வைத்தாயிற்று, ஆனால் வளையத்துக்குச் சாய்வாக வந்து நிற்கிறேன். அடித்துப் பார்க்கலாமா?

கூடாது. பந்து 3 5/8 அங்குலம், வளையத்தின் வாய் வழக்கமாக 3 3/4. மிச்சம் இருப்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பாக்கி இருக்கும் அடியில் நேராக வந்து நின்றுகொண்டு, பிஸ்க் எடுத்து உள்ளே போங்கள். பின்னால் பந்துகள் தயாராக இருக்கும்போது வளையத்துக்காகச் செலவழிக்கும் பிஸ்க் வீணில்லை. ஒன்றுமே தயாராக இல்லாதபோது எடுப்பதுதான் வீண்.

அரை பிஸ்க்கை எப்போது எடுப்பது?

முதலிலேயே. அதில் புள்ளி எடுக்க முடியாது, பந்துகளை இடம் மாற்றலாம். பிரேக் கட்டுவதற்கு அதுவே போதும்.

கோலாலம்பூரில் மழை விட்ட சாயங்காலத்தில் ஆடுகிறோம், பந்து ஓடவே மாட்டேன் என்கிறது.

நம் ஊர் அகல இலைப் புல் நனைந்தால் அப்படித்தான். திடலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பந்தை அனுப்பும் ஆசையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். அதே வேலையை இரண்டு துண்டாக்கி, நடுவில் ஒரு பிஸ்க் வையுங்கள். ஈரத் திடலில் நான் இன்னும் சீக்கிரமாகவே எடுப்பேன்.

கடைசிக்கு ஒன்றாவது வைத்துக்கொள்ளலாமா?

ஒரு நல்ல பிரேக் ஓடி முடிந்த பிறகு, தாராளமாக. ஒரு குச்சி நின்றாலும் எதிராளி தன் பந்துகளை உங்கள் பக்கத்தில் விட்டுப் போக யோசிப்பார். ஆனால் அவருடைய இரண்டு பந்தும் பெக்கை நெருங்கிவிட்டால் அப்புறம் ஒரு டர்ன்கூடத் தாமதிக்காதீர்கள், எடுத்துவிடுங்கள்.