ஆத்தும தாகத்தில் இருக்கும் ஒருவர் தன் கிறிஸ்தவ விசுவாசத்தை மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். ஜெபம் வறண்டுபோய், உள்ளே தீராத ஒரு தாகம். கூடவே, நண்பர்களிடம் இயேசுவைப் பற்றி வாய் திறக்கவில்லையே என்ற குற்ற உணர்வு. 'நானே காய்ந்து கிடக்கும்போது அடுத்தவருக்கு எதைச் சொல்வது?' என்று முடித்திருக்கிறார்.

அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் அப்பா இறந்துபோனார். பத்து நாள்கூட ஆகவில்லை, நான் சுவிசேஷக் கைப்பிரதி (சிறு பிரசுரம்) ஒன்றோடு போய் உட்கார்ந்துவிட்டேன். நித்திய ஜீவன், மனந்திரும்புதல், இரட்சிப்பு என்று சபையில் கேட்டுப் பழகிய சொற்களையெல்லாம் அடுக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார். கடைசியில், "நீங்க என்னைப் பார்க்க வந்தீங்களா, இதைக் கொடுக்க வந்தீங்களா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. 'கடமையைச் செய்துவிட்டேன்' என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று அப்போதே தெரியும்.

அப்புறம் ஒருநாள் பைபிளில் யோவான் 4ஆம் அதிகாரத்தை வாசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. சமாரியா ஸ்திரீயின் கதை. எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டதுதான். ஆறாம் மணி வேளை, அதாவது நடுப்பகல். நடந்து இளைத்துப்போன இயேசு சீகார் ஊருக்குப் பக்கத்தில் யாக்கோபின் கிணற்றருகே உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் மொள்ள வந்த பெண்ணிடம் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "தாகத்துக்குத் தா." அவர் தருவதாகச் சொல்லும் ஜீவத்தண்ணீரை, அதாவது ஆத்தும தாகத்தைத் தீர்க்கும் தண்ணீரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளாத காலம் அது. கொடுக்க வந்தவர் கேட்கிறவராக ஆரம்பிக்கிறார். அவள் பதிலுக்கு வாதாடுகிறாள். மொண்டுகொள்ள உம்மிடம் பாத்திரம்கூட இல்லையே, கிணறும் ஆழமாயிற்றே என்கிறாள். அவரோ அவளைப் பேசவிடுகிறார், அவள் கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொல்கிறார்.

நான் என் நண்பரிடம் எதையும் கேட்கவில்லை. அவருடைய அப்பா எப்படிப்பட்டவர் என்றுகூட.

அந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவள் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடிப் போய்ச் சொல்வது: "அவரை வந்து பாருங்கள், அவர் கிறிஸ்துதானோ." அந்த 'தானோ'வைக் கவனியுங்கள். அவளுக்கே முழுசாகத் தெரியவில்லை, பாதி கேள்வியோடுதான் போகிறாள். அந்தப் பாதிக் கேள்வியை வைத்துக்கொண்டே ஊர் ஜனங்கள் கிளம்பி வருகிறார்கள், அவரை இரண்டு நாள் தங்க வைக்கிறார்கள். பிறகு அவளிடம், 'இப்போது நாங்கள் விசுவாசிப்பது உன் சொல்லினிமித்தம் அல்ல, நாங்களே கேட்டோம்' என்று வேறு சொல்லிவிடுகிறார்கள். பாவம், நன்றி என்றுகூட ஒரு வார்த்தை இல்லை! ஆனால் அவள் வேலை அவ்வளவுதான். வந்து பாருங்கள் என்பது வரைக்கும்.

சரி, வறட்சிக்கு வருகிறேன். தாகம் இருப்பதையே விசுவாசக் குறைவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 42ஆம் சங்கீதத்தில் மானைப் போலக் கதறுகிறவன் தேவன் இருக்கிறாரா என்று சந்தேகப்பட்டுக் கதறவில்லை. அவரைத் தெரிந்தவன் அவருக்காகக் கதறுகிறான். 'உன் தேவன் எங்கே' என்று ஊரார் தினமும் கேட்கிறார்கள், அவனுக்குக் கண்ணீரே உணவாகிறது. அதே பாட்டில்தான் தன் ஆத்துமாவைப் பார்த்து, தேவனை நோக்கிக் காத்திரு என்றும் சொல்லிக்கொள்கிறான். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. அன்னை தெரசாவின் சபையினர் தங்கள் சிற்றாலயங்களில் சிலுவையின் பக்கத்தில், இயேசு கடைசியாகச் சொன்னவற்றில் ஒன்றான 'தாகமாயிருக்கிறேன்' என்பதை எழுதி வைத்திருப்பார்கள். அந்த அம்மையாரே பல வருடங்கள் உள்ளே இருட்டாக இருந்தது என்று எழுதிய கடிதங்கள் அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 2007இல் வெளியாயின. அதைப் படித்துவிட்டுச் சிலர் அதிர்ந்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

ஆகவே, நிரம்பிய பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். ஆனால் நிரம்பியவர்போல நடிக்கவும் வேண்டாம். எதிரில் இருப்பவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார். துக்கத்திலோ நோயிலோ இருப்பவரிடம், நமக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம், அவர்கள் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து. மறுத்துச் சொல்ல வழியில்லாதவரிடம் பேசுவது பகிர்வதாகாது. விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லத்தான் இயேசுவின் சீடர் பேதுருவும் தன் நிருபத்தில் எழுதுகிறார். யாரும் கேட்கவே இல்லையென்றால்? நட்பை நட்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வேறு கணக்கு வேண்டாம்.

அந்த நண்பரிடம் பல மாதம் கழித்து மன்னிப்புக் கேட்டேன். அன்று பேச்சுவாக்கில், இப்போதெல்லாம் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை என்றும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ தெரியாது. "அப்புறம் எதுக்கு உட்காருறீங்க?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: தாகம் எடுப்பதால்தான், வேறு எங்கே போவது என்று தெரியாததால்தான். ஐந்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

அவர் இன்றுவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனால் எப்போதாவது போன் செய்யும்போது, வைப்பதற்கு முன்னால், "இப்போ வார்த்தை வருதா?" என்று கேட்பார். சில நாள் வருகிறது என்பேன், சில நாள் இல்லை என்பேன்.