மரக்கன்றுக்கு முன்னால் தண்ணீர்

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 86 பிள்ளைகள் படிக்கிறார்கள். என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வளர்ச்சித் திட்டத்தில் ‘நீடித்த வளர்ச்சி’க்கு என்று மரக்கன்று நடுவதை மட்டும் எழுதியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் ஆறு மாதமாகத் தண்ணீர் வரவில்லை. அதற்குப் பணம் கேட்க எனக்கு அதிகாரம் உண்டா?

பதில்: உண்டு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசு தரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் பொறுப்பை உங்கள் குழுவிடமே கொடுத்திருக்கிறது. வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டியதும் குழுதான் என்கிறது 22ஆம் பிரிவு. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்று சட்டம் வைத்ததே, உங்களைப் போன்ற ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர் இரண்டும் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. அதனால் யாரிடமும் சலுகை கேட்பதுபோலத் தயங்க வேண்டாம்.

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவது, கல்வி. பெண் பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற பள்ளி வசதி அதில் தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பெண் மாதவிடாய் நாட்களில் வீட்டிலேயே தங்கிவிட்டால், வளாகத்தில் எத்தனை வேம்பு நின்றும் அவளுக்குப் பயனில்லை.

சரி, பணம். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் ஆண்டுதோறும் பள்ளி மானியம் உண்டு. 86 பிள்ளைகள் உள்ள உங்கள் பள்ளிக்கு விதிப்படி 25,000 ரூபாய். அதில் குறைந்தது 10 சதவீதம், அதாவது 2,500 ரூபாய், தூய்மைப் பணிக்கே போக வேண்டும். தலையை எண்ணித் தருவதால் சின்னப் பள்ளிகள் திணறுகின்றன. பிள்ளைகள் குறைந்தாலும் தொட்டியும் மோட்டாரும் அதேதானே? இந்த விதியை மாற்றியே ஆகவேண்டும். போதாததற்கு, மத்திய, மாநில அரசுகளின் தகராறில் 2024-25இல் தமிழ்நாட்டுக்கான மத்தியப் பங்கு நின்றுபோனது. ஆகவே மானியத்தை மட்டும் நம்பியிருக்காமல், குழுவின் தீர்மானத்தைக் கிராம சபையிலும் வையுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று யூடைஸ் படிவம். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி நிரப்பி அனுப்பும் இந்த விவரத்தில் கழிப்பறை இருக்கிறதா, பயன்பாட்டில் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். அரசு திட்டமிடுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். பழுதானதை ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று பதிந்துவிட்டால், காகிதத்தில் உங்கள் பள்ளிக்குக் குறையே இல்லை. தலைமை ஆசிரியரிடம் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். பல இடங்களில் அவரே இந்தப் பழுதோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

அப்புறம் தீர்மானம். ‘கழிப்பறையைச் சீரமைக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் கோப்பிலேயே தூங்கும். மோட்டார் பழுதா, குழாய் அடைப்பா, தொட்டி ஓட்டையா, பிளம்பர் சொன்ன மதிப்பீடு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்றை வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

மரக்கன்றையும் விட்டுவிட வேண்டாம். தண்ணீர் வந்த பிறகு, கைகழுவும் நீர் ஓடி விழும் இடத்தில் வாழை வையுங்கள். முருங்கையை நீர் தேங்காத மேட்டில் நடுங்கள். கீரை சத்துணவுக் கூடத்துக்கு ஆகும்.