ஏர்பஸ் ஸ்டால் ஆகாதாமே! – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்க எழுத்தை ரெண்டு மூணு வருஷமா படிச்சுட்டு வரேன். கரூர் பக்கம் எங்க ஊரு. சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) முடிச்சு, ஏர்பஸ் ஏ320 ஓட்டுறதுக்கான டைப் ரேட்டிங்கும் போன மாசம் முடிஞ்சது. அடுத்த மாசம் ஒரு ஏர்லைன்ல ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை பைலட்) வேலைக்கு இன்டர்வியூ. டெக்னிக்கல் ரவுண்டுல என்னென்ன கேப்பாங்க, எதை முதல்ல படிக்கணும்? சீனியர் ஒருத்தர் 600 கேள்வி பதில் இருக்கிற ஒரு பிடிஎஃப் குடுத்தார், அதைத்தான் மனப்பாடம் பண்ணிட்டு இருக்கேன். இணைச்சிருக்கேன், போதுமான்னு பாருங்க. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இங்கிலீஷ்ல வேகமா கேட்டா பதறிடுது. இன்னொரு சின்ன சந்தேகம். ஏர்பஸ்தான் ஸ்டால் ஆகவே ஆகாதே, கம்ப்யூட்டர் விடாதே, அப்புறம் ஏன் சார் எல்லா இன்டர்வியூலயும் ஸ்டாலையே கேக்குறாங்க? அப்பா தோட்டத்தை அடமானம் வெச்சுதான் படிக்க வெச்சார். கிடைக்கலைன்னா என்ன பண்றதுன்னு நினைச்சா தூக்கமே வரல.

– ர.

அன்புள்ள ர.,

சாதாரணமா இந்த மாதிரி கடிதத்துக்கு ரெண்டு வரியில தனியா பதில் போட்டுடுவேன். ஆனா போன வாரம் நண்பர் ஒருத்தரோட பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தா, அவளும் சிபிஎல் முடிச்சவ, மாமா என்னை பேனல் மாதிரி கேள்வி கேளுங்கன்னு எதிர்ல சேரைப் போட்டு உக்காந்துட்டா. கேட்டேன். எது கேட்டாலும் நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்துடுது, வார்த்தை பிசகாம. சரி, ஏன் அப்படின்னு கேட்டேன், அவ்ளோதான், முகம் மாறிடுச்சு. ஏன்ங்கிறது அவளோட பிடிஎஃப்ல இல்ல. அன்னிலேர்ந்து இதேதான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு, அந்த நேரம் பாத்து உங்க கடிதம். அதனால பொதுவுல எழுதுறேன், வர்ற திட்டு கொஞ்சம் அவளுக்கும் சேர்த்துன்னு வெச்சுக்குங்க.

சின்ன சந்தேகம்னு ஒண்ணு கேட்டிருக்கீங்களே, ஏர்பஸ் ஸ்டால் ஆகாதேன்னு (ஸ்டால்னா, றெக்கை விமானத்தைத் தாங்குற சக்தியை இழக்குறது). தம்பி, அது சின்ன சந்தேகம் இல்ல. இன்டர்வியூ ரூம்ல இதை வாய் தவறி சொல்லிட்டீங்கன்னா பேனல்ல இருக்கிற கேப்டன் பேனாவை மூடி வெச்சுடுவார். யார் சொல்லிக் குடுத்தாங்க இதை? டைப் ரேட்டிங் முடிச்சுட்டு வந்தவர் இப்படிக் கேக்குறதைப் பாத்து எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு.

2014 டிசம்பர் 28, சுரபயாலேர்ந்து சிங்கப்பூர் போன ஏர்ஏசியா 8501. விமானம் என்ன தெரியுமா? ஏ320. நீங்க ரேட்டிங் வாங்கியிருக்கிற அதே ஏ320. வால்ல இருக்கிற ரடர் எவ்ளோ தூரம் திரும்பலாம்னு கட்டுப்படுத்துற பாகத்தோட எலக்ட்ரானிக்ஸ்ல பத்தவெச்ச இடத்துல (சால்டர்) விரிசல், அதனால திரும்பத் திரும்ப ஒரு வார்னிங். ஏற்கனவே பல நாளா அந்த விமானத்துல வந்துட்டு இருந்த வார்னிங்தான். நாலாவது தடவை வந்தப்போ சர்க்யூட் பிரேக்கரை இழுத்து ரீசெட் பண்ணப் போக, ஆட்டோபைலட் கழண்டுது, நார்மல் லா (கம்ப்யூட்டர் முழுசா காவல் காக்குற நிலை) போய் ஆல்டர்னேட் லா (அந்தக் காவல் குறைஞ்ச நிலை) வந்துச்சு, விமானம் இடது பக்கம் சாய்ஞ்சுது, ஃபர்ஸ்ட் ஆபீசர் ஸ்டிக்கைப் பின்னாடி இழுத்தார், இழுத்துக்கிட்டே இருந்தார். 32,000 அடியில இருந்தது 38,000 வரைக்கும் ஏறி, அங்கேர்ந்து ஸ்டால் ஆகி கடல்ல போய் விழுந்துச்சு. 162 பேர். ஸ்டால் ஆகவே ஆகாத விமானத்துல.

கம்ப்யூட்டர் விடாதுங்கிறது நார்மல் லா இருக்கிற வரைக்கும்தான். அந்தப் பாதுகாப்பு சென்சார் குடுக்கிற தகவலை நம்பி நிக்குது. 2008ல பிரான்ஸ்ல பெர்பிஞான் பக்கத்துல ஒரு ஏ320 விழுந்துச்சு, அதையும் படிங்க. விமானத்தைக் கழுவுனப்போ ஆங்கிள் ஆஃப் அட்டாக் (றெக்கை காத்தைச் சந்திக்கிற கோணம்) சென்சாருக்குள்ள தண்ணி போயிடுச்சு, மேல போனதும் அது உறைஞ்சு சென்சார் அசையாம நின்னுடுச்சு, அது தெரியாம கம்மி உயரத்துல லோ ஸ்பீட் பாதுகாப்பை டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க. 7 பேரும் போயிட்டாங்க. நார்மல், ஆல்டர்னேட், டைரக்ட்னு மூணு லாவோட பேரையும் ஒப்பிக்கத் தெரிஞ்சா போதாது. எது போனா எது வரும், வந்தா கையில என்ன மிச்சம் இருக்கும், அதைச் சொல்லத் தெரியணும்.

சரி, ஸ்டால்னா என்ன? உங்க பிடிஎஃப்ல 'ஸ்டால் ஸ்பீட்'னு ஆரம்பிச்சு வேகத்தை வெச்சே விளக்கம் போகுது. வேகத்துக்கு நேரடியா சம்பந்தமே இல்ல. றெக்கை காத்தை எந்தக் கோணத்துல சந்திக்குதுங்கிறதுதான் கணக்கு. ஓடுற பஸ்ல ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டி உள்ளங்கையை லேசா சாய்ச்சா கை மேல ஏறும், இன்னும் சாய்ச்சா இன்னும் ஏறும், ஒரு அளவுக்கு மேல போனா ஏறுறது நின்னு கை பின்னாடி அடிச்சுக்கிட்டுப் போகும். பஸ் எந்த வேகத்துல போனாலும் அதே கதைதான். நேரா பறக்கும்போது 50 நாட்ல (நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) ஸ்டால் ஆகுற விமானம்னு வெச்சுக்குங்க, அதை 60 டிகிரி சாய்ச்சு உயரம் விடாம திருப்புனா 70 நாட்லயே ஸ்டால் ஆயிடும், ஏன்னா றெக்கை ரெண்டு மடங்கு எடையைத் தூக்குது, ரெண்டோட வர்க்கமூலம் 1.41. இதை யாரும் மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல, ஒரு தடவை புரிஞ்சா சாகுற வரைக்கும் மறக்காது.

எனக்கு இது புரிஞ்சது மீனம்பாக்கத்துல, ரொம்ப வருஷம் முன்னாடி. எங்க இன்ஸ்ட்ரக்டர் ஒரு வயசான மனுஷன், வெத்தலை போடுவார். விமானத்தைச் சுத்திவந்து செக் பண்றப்போ செஸ்னாவோட இடது றெக்கை முன்விளிம்புல இருக்கிற சின்ன ஓட்டைகிட்ட வந்ததும் பாக்கெட்லேர்ந்து கர்ச்சீப்பை எடுத்து அதுமேல வெச்சு வாயால உறிஞ்சுவார். உள்ள பீப்பின்னு ஒரு சத்தம் கேக்கும். அதுதான் ஸ்டால் வார்னிங். அதுல கரண்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. கோணம் அதிகமானா றெக்கை முன்விளிம்புல காத்தழுத்தம் குறையும், அது காத்தை வெளிய உறிஞ்சும், உள்ள இருக்கிற ரீடு ஊதும். முதல் தடவை பாத்தப்போ எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அவர் சிரிக்கல. கர்ச்சீப்பை என் கையில குடுத்து நீ உறிஞ்சுன்னார், அந்த வெத்தலை வாசனையோட நானும் உறிஞ்சேன். அப்புறம் மேல கூட்டிட்டுப் போய் நேரா ஒரு ஸ்டால், திருப்பத்துல ஒரு ஸ்டால், ரெண்டுலயும் பீப்பி ஊதுனப்போ ஸ்பீட் எவ்ளோன்னு மட்டும் கேட்டார். ரெண்டு நம்பரும் வேற வேற. ஏன்னு அவரும் சொல்லல. கீழ இறங்கி நானா கண்டுபிடிச்சு சொல்ற வரைக்கும் அடுத்த ஃபிளைட்டுக்கு விடல. அந்த மனுஷன்கிட்ட பிடிஎஃப் எதுவும் இல்ல. இருந்திருந்தாலும் குடுத்திருக்க மாட்டார்.

இப்ப உங்க பிடிஎஃப்க்கு வரேன். ஸ்டால் ரெகவரிக்கு என்ன போட்டிருக்கு? 'ஃபுல் பவர், உயரம் குறையாம பாத்துக்கணும்.' முதல் வேலை ஃபுல் பவராம்! இது பழைய பாடம். ஒரு காலத்துல எல்லாருக்கும் அப்படித்தான் டிரெயினிங், உயரத்தைக் காப்பாத்துறவன்தான் கெட்டிக்காரன். றெக்கைக்குக் கீழ தொங்குற இன்ஜின்ல ஃபுல் பவர் குடுத்தா அது மூக்கை இன்னும் மேல தூக்கும், ஸ்டால் இன்னும் மோசமாகும். 2010 வாக்குல ஏர்பஸ், போயிங் எல்லாருமே இதை மாத்திட்டாங்க. முதல்ல மூக்கை இறக்கு, கோணத்தைக் குறை, உயரம் போனா போகட்டும், ஸ்டால் விட்டதும் தேவையான அளவு பவர். உங்க சீனியர் எந்த வருஷத்துல யார்கிட்ட வாங்குனாரோ, அப்படியே கைமாறி கைமாறி வந்திருக்கு. இதை நீங்க கடகடன்னு ஒப்பிச்சா ஞாபகசக்தி நல்லா இருக்குன்னு யாரும் பாராட்ட மாட்டாங்க.

ஏன் இதையே பிடிச்சுத் தொங்குறேன்னா, ஏர் ஃப்ரான்ஸ் 447. 2009 ஜூன் 1, ரியோலேர்ந்து பாரிஸ், ஏ330, 228 பேர். 35,000 அடியில வேகம் அளக்குற பிட்டோ டியூப்ல ஐஸ் அடைச்சுக்கிச்சு, வேகம் காட்டுறது தப்பாச்சு, ஆட்டோபைலட் கழண்டுது. அடைப்பு இருந்தது ஒரு நிமிஷம் வாக்குலதான். இருந்த மூக்கையும் பவரையும் அப்படியே வெச்சுட்டு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாலே பொழைச்சிருப்பாங்க. ஸ்டிக்கை இழுத்தார் ஃபர்ஸ்ட் ஆபீசர். 38,000 அடி கிட்ட ஏறி ஸ்டால். வார்னிங் 54 செகண்ட் விடாம கத்துச்சு. அப்புறம் இன்னும் கொடுமை, காட்டுற வேகம் 60 நாட்டுக்குக் கீழ போனதும் இந்தத் தகவல் நம்பத் தகாததுன்னு கம்ப்யூட்டர் வார்னிங்கை நிறுத்திடுச்சு. மூக்கைக் கொஞ்சம் இறக்குனா வேகம் கூடி வார்னிங் திரும்ப வருது, இழுத்தா நிக்குது. சரியானதைச் செஞ்சா கத்துது, தப்பு பண்ணா சும்மா இருக்கு. அந்த இருட்டுல, அந்தப் பதட்டத்துல, கோணம்னா என்னன்னு உடம்புல ஊறியிருந்தா மட்டும்தான் மீள முடியும். கடல்ல மோதுனப்போ மூக்கு 16 டிகிரி மேல பாத்துட்டு இருந்துச்சு, விமானம் நிமிஷத்துக்கு 10,000 அடிக்கு மேல கீழ வந்துட்டு இருந்துச்சு. மூக்கு மேல பாக்குது, ஆனா விழுது. இது ஏன்னு ஒரு பேப்பர்ல படம் போட்டு உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்க, முடிஞ்சா உங்க அப்பாவுக்கு சொல்லுங்க, அவருக்குப் புரிஞ்சா உங்களுக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆட்டோபைலட் கழண்டதுலேர்ந்து கடல் வரைக்கும் நாலரை நிமிஷம்கூட இல்ல.

சரி, நீங்க கேட்டதுக்கு வரேன், பாதி மறந்தே போச்சு. என்னென்ன கேப்பாங்க? எல்லாமே கேப்பாங்க. உங்க டைப் பத்தி, பெர்ஃபார்மன்ஸ், மெட் (வானிலை), ரெகுலேஷன், கொஞ்சம் மனக்கணக்கு. V1ன்னா என்னன்னு கேப்பாங்க, டேக்ஆஃப்ல நிறுத்துறதா பறக்குறதான்னு முடிவெடுக்குற டிசிஷன் ஸ்பீட்னு சொல்லுவீங்க, அடுத்து ரன்வே ஈரமா இருந்தா V1 கூடுமா குறையுமான்னு வரும், குறையும்னு சொன்னா ஏன்னு வரும், அங்கதான் இன்டர்வியூவே ஆரம்பிக்குது. ஹைட்ராலிக்ஸ்ல பச்சை, நீலம், மஞ்சள்னு மூணு இருக்குன்னு யாருக்குத்தான் தெரியாது, ஏன் மூணு, ரெண்டு இன்ஜினும் நின்னு போனா எது மிஞ்சும், எதனால, அதைப் படிங்க. மங்களூர் 2010, கோழிக்கோடு 2020, ரெண்டு விமான விபத்தோட விசாரணை அறிக்கையையும் முழுசா படிச்சுட்டுப் போங்க. நம்ம நாட்டு ஏர்லைன் பேனல் முன்னாடி உக்காந்துட்டு அன்ஸ்டேபிள் அப்ரோச் (வேகம், உயரம் சரியா அமையாம இறங்க வர்றது) பத்தி அரைகுறையா பேசுறவங்களைக் கண்டா எனக்கே பத்திக்கிட்டு வரும், அவங்களுக்கு வராதா? மங்களூர்ல ஃபர்ஸ்ட் ஆபீசர் கோ அரவுண்ட் கோ அரவுண்ட்னு (இறங்காதீங்க, திரும்ப மேல ஏறுங்கன்னு) சொல்லியும் கேப்டன் இறக்குனார், 158 பேர் போனாங்க. அந்த வலது சீட்லதான் நீங்க உக்காரப் போறீங்க.

தெரியலைன்னா தெரியல சார்னு சொல்லுங்க. சமாளிக்கிறவனை ரெண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடிச்சுடுவாங்க, இது தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசுனா ஆள் சாகுற தொழில்.

இங்கிலீஷ் பயத்தை விடுங்க. ரேடியோவுல பேசுற ஆர்டி பரீட்சை பாஸ் பண்ணியிருக்கீங்க, ஐகாவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) இங்கிலீஷ் லெவல் 4 கையில இருக்கு, உலகம் பூரா அது போதும்னு ஒத்துக்கிட்ட அளவுதான். வேகமா கேட்டா மெதுவா பதில் சொல்லுங்க, புரியலைன்னா திரும்பக் கேளுங்க, டவர் சொன்னது புரியலைன்னா 'சே அகெய்ன்'னு கேக்க மாட்டீங்களா? தமிழ் மீடியத்துல படிச்சவனுக்கு ஒரு வசதி இருக்கு, ஒரு விஷயத்தை ரெண்டு தடவை யோசிச்சிருப்பான். என்ன டிரெஸ், என்ன ஷூங்கிறதை எல்லாம் பேட்ச்மேட்கிட்ட கேட்டுக்குங்க.

தோட்டம் பத்தி எழுதியிருக்கீங்க. படிச்சப்போ எனக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த பாரத்தைத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போகாதீங்க, அப்பா உங்களை அனுப்புனது பறக்க. இந்தத் தடவை இல்லைன்னா அடுத்த தடவை, ஏர்லைன் ஒண்ணு மட்டும் இல்ல, ஆள் எடுக்குறது நிக்கும், திரும்ப வரும், நான் ரெண்டையும் பாத்திருக்கேன். ராத்திரி தூங்குங்க. தூக்கம் இல்லாதவனை ஏர்லைன் உள்ள விடாது, அதுக்குத் தனியா ரூல்ஸே இருக்கு.

பிடிஎஃப்பை டெலீட் பண்ணச் சொல்லல, கேள்விகளை மட்டும் வெச்சுட்டு பதில்களை எல்லாம் அழிச்சுடுங்க. ஒவ்வொண்ணுக்கும் பதிலை மேனுவல்ல தேடி நீங்களே எழுதுங்க, ஒரு நாளைக்கு பத்து எழுதுனா போதும், ஒரு மாசத்துல 300 ஆச்சு, மீதி 300 கிடக்கட்டும்.

ஒண்ணு நான் கேக்குறேன். பெங்களூர் போயிட்டு இருக்கீங்க, 36,000 அடி. ஏர்போர்ட் கடல் மட்டத்துக்கு மேல ஏறக்குறைய 3,000 அடி. பின்னாடிலேர்ந்து நல்ல காத்து தள்ளுது, 50 நாட். எத்தனை மைல் முன்னாடி இறங்க ஆரம்பிப்பீங்க? காகிதம், கால்குலேட்டர் எதுவும் வேண்டாம். பதிலை மெயில்ல போடுங்க, எப்படி வந்துச்சுன்னு சேர்த்து எழுதுங்க. நம்பரை மட்டும் அனுப்புனா நான் பதில் போட மாட்டேன்.