கடன் தீர்ந்தது, பத்திரம் வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக் கடனை முழுசாகக் கட்டி 60 நாளாச்சுங்க. பத்திரம் கேட்டுப் போனால், "ஹெட் ஆபீஸ்ல இருந்து வரோணும்" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் தர வேண்டும். 2023 செப்டம்பர் 13 அன்று ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். கெடு தாண்டிய 30 நாளுக்கு, இன்றைக்கு 1,50,000 ரூபாய் ஆகிறது. ஆனால் வாயால் கேட்டதற்கு அத்தாட்சி ஏது? "அவர் வாங்க வரவே இல்லை" என்று கிளை சொல்லிவிடலாம். இன்றே கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கடன் தீர்வுச் சான்று, அடமானத்தின்போது கொடுத்த பத்திரங்களின் பட்டியல் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

பத்திரம் தொலைந்துவிட்டது என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். சான்றிட்ட நகல் எடுக்கும் செலவு வங்கியுடையது. ஆனால் வங்கிக்கு இன்னும் 30 நாள் அவகாசம் கிடைக்கும். கடன் தீர்ந்து 60 நாள் கழித்துத்தான் 5,000 ரூபாய்க் கணக்கு ஓடும்.

கடிதத்துக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) அதன் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் புகார் போடலாம், கட்டணம் இல்லை. விவரத்துக்கு 14448 என்ற எண்ணில் பேசுங்கள். வங்கிக்கு எழுதாமல் நேரே போனால் தள்ளுபடிதான். வக்கீல் பெயரில் போட்டாலும் எடுக்கமாட்டார்கள்.

பத்திரம் கைக்கு வந்தாலும் வேலை மிச்சமிருக்கும். எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கு வங்கியிடம் ரசீது ஆவணம் எழுதி வாங்கி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். இல்லையென்றால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். விற்கப்போகும் நாளில்தான் தெரியவரும்.

கேள்வி: எட்டு விசைத்தறிக்கு வாங்கிய கடனுக்கும் இந்த 5,000 ரூபாய் உண்டா? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
வாசகர், பல்லடம்

பதில்: அந்த உத்தரவு வீட்டுக் கடன், கல்விக் கடன் போன்ற தனிநபர் கடன்களுக்கானது. தறிக் கடன் அதில் வராது. ஆணையத்திலும் சிக்கல் உண்டு. வணிக நோக்கத்துக்குச் சேவை பெற்றவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் அல்ல. சுயதொழிலுக்கான விலக்கு, சட்ட வாசகத்தில் பொருட்களுக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது; கடன் என்பது சேவை. வங்கி வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். ஆம்புட்ஸ்மேனுக்கு இந்தத் தடை இல்லை. முதலில் அங்கே போங்கள். ஒரே புகாரை இரண்டு இடத்திலும் போட்டுவிடாதீர்கள். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் தொடமாட்டார்.

கேள்வி: வங்கியின் தலைமையகம் மும்பையில். வழக்கும் அங்கேதானா?
வாசகர், பெருந்துறை

பதில்: வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போடுங்கள். வக்கீல் கட்டாயம் இல்லை.